வலப்பக்கத்திலிருந்து

எந்த வண்டி வந்தாலும் ரிப்கான் முதலில் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. கடையில் சீனியும் பருப்பும் போட்டுத் தருகிற மெல்லிய சொப்பிங் பையொன்று எப்போதும் அவனுடைய காற்சட்டைப் பைக்குள் மடிந்து கிடக்கும். அதை எடுத்து இரண்டு தரம் உதறுவான். வாயால் ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு வலது கையை அதற்குள் நுழைத்து, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குவான். நான்கு விரல்களையும் சேர்த்து, பெயின்டில் படுகிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு வைத்து, வலப்பக்க முன்கதவிலிருந்து பின்னால் மெல்ல இழுத்துக்கொண்டு போவான். அந்த நேரத்தில் அவன் முகம் வண்டியின் பக்கம் இராது. வீதிக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான்.

வெறுங்கைக்கு வழுவழுவென்று இருக்கிற பெயின்ட், பைக்குள் இருக்கும் கைக்கு உப்புத்தாளைப் போல உறுத்தும். கடற்காற்றில் வந்து ஒட்டிய உப்பு, சீமெந்துத் தூசி, மரப்பால், பறவை எச்சம் எல்லாம் அப்போதுதான் பேச ஆரம்பிக்கும். "கைய மூடினாத்தான் கைக்கு விளங்கும்" என்பான், யாராவது கேட்டால். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பினால், கொஞ்சத் தூரத்தில் இடது பக்கம் அவன் கார் கழுவிப் பொலிஷ் போடுகிற கொட்டில். நான்கு இரும்புக் குழாய், மேலே தகரம், பின்னால் ஒரு சுவர். சுவரோரம் இரண்டு நீலப் பீப்பாய்களில் மழைத்தண்ணீர். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீரை எடுப்பான். கட்டாரில் ஆறு வருடம் இதே வேலையைக் குளிரூட்டிய மண்டபத்தில் செய்துவிட்டு வந்தவன். இங்கே குளிரூட்டுவது கச்சான் காற்று. அதுவும் மணலோடு வரும்.

இன்னொரு வேலையும் அவனுக்கு இருந்தது. அதை வேலை என்று யாரும் சொல்வதில்லை, கூலியும் இல்லை. பாலாவியிலும் அண்டை ஊர்களிலும் ஆண் ஒருவர் மவுத்தானால், அடக்குமுன் அந்த மையித்தைக் குளிப்பாட்ட அவனைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் வழமையாகச் செய்கிறவர் ஊரில் இல்லை. பள்ளிவாசலில் நின்றவர்களில் கை நடுங்காத ஆள் யார் என்று பார்த்தார்கள். அன்று தொடங்கியது. எட்டு வருடத்தில் எத்தனை பேர் என்று அவன் கணக்கு வைக்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், மூன்று அல்லது ஐந்து தண்ணீர், கடைசித் தண்ணீரில் கற்பூரம். அந்த ஒழுங்கு கைக்குப் பழகி, காருக்கும் வந்துவிட்டது. எந்தக் காரையும் வலப்பக்கத்திலிருந்துதான் கழுவுவான். நாலாம் தண்ணீரோடு நிறுத்தமாட்டான்.

பக்கத்து டயர்க்கடை றிப்னாஸுக்கு இது தீராத பகிடி.

"டேய், நேத்து மையித்துக்குப் போட்ட சவுக்காரத்தின்ட மிச்சமா இது? கார்க்காரன் அறிஞ்சா ஓடிருவான்."

"உனக்கும் ஒரு கட்டி எடுத்து வெச்சிரிக்கன்" என்பான் ரிப்கான், தலை நிமிராமல்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு யூஜினி டீச்சர் தன்னுடைய கருநீலக் காரோடு வந்து இறங்கினாள். மாம்புரியில் கடலோரம் வீடு. புருசன் இத்தாலியில். அவளும் மறுநாள் விமானம் ஏறுகிறாள்.

"தம்பி, ரெண்டரைக்கு சிலாபத்துல இருந்து ஆள் வாறார், காரப் பாக்க. பாக்கிற மாதிரி ஆக்கித் தாங்க."

ரிப்கான் கையைப் பைக்குள் நுழைத்து இழுத்தான். இரண்டு வருடம் கொட்டாங்காய் மரத்தடியில் நின்ற கார். போதாததற்கு அவளுடைய தம்பி வாரம் தவறாமல் குழாய்க்கிணற்றுத் தண்ணீரை அடித்துவிட்டு, வெயிலில் காயவிட்டிருக்கிறான். விழுந்த ஒவ்வொரு துளியும் வெள்ளை வளையமாகப் பெயின்டுக்குள் இறங்கியிருந்தது. கடலைப் பார்த்து நின்ற இடப்பக்கம்தான் மோசம்.

"ரெண்டு நாள் வேல, டீச்சர்."

"ரெண்டு நாள் எங்கிட்ட இல்லயே."

அவன் தகரத்தில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தான்.

"எல்லாம் போகாது. கண் விழுற இடத்த எடுக்கலாம். பொனட், கூரை, ரெண்டு பக்கமும் இடுப்புக்கு மேல. கீழ கிடக்கிறது கிடக்கட்டும்."

அவள் கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இடப்பக்கம் மோசமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நேரம் குறைவான வேலைக்கு அதுதான் புத்தி. ரிப்கானின் கால் வலப்பக்கம் போய் நின்றது. றிப்னாஸ் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டே கத்தினான்: "அது உசிரோட ஓடுற காருடா, கிப்லா பாத்துக் கிடத்திராத!" மையித்தை மக்காவின் திசை பார்த்துக் கிடத்துவது டீச்சருக்குத் தெரியாது. சும்மா சிரித்து வைத்தாள்.

மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவி, களிக்கட்டியால் உரசி உப்பை எடுத்து, துடைத்து, பொலிஷ் மெசினைக் கையில் எடுக்கும்போது ஒன்பதே முக்கால். பொனட்டில் கொம்பவுண்ட் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து மெசினை ஓட்டினான். மேலும் கீழுமாக ஒரு தரம், குறுக்கே ஒரு தரம். ஓரத்துக்கு வரும்போது தூக்கிவிட வேண்டும். ஓரத்தில் பெயின்ட் மெல்லிசு, ஒரு நொடி கூடினால் வெள்ளை தெரிந்துவிடும். பாதி பொனட்டில் தகரக் கூரையின் அலைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. மற்றப் பாதி சாம்பலாகக் கிடந்தது.

பத்து மணி பத்துக்குப் போன் அடித்தது. மச்சான் ஃபஸ்லான், கூடப்பிறந்த மூத்தவள் ராத்தா நஃபீஸாவின் கணவர். இரண்டு பேரும் புத்தளம் ஆஸ்பத்திரியில், வாப்பாவோடு நிற்கிறார்கள். வாப்பா இப்றாஹிம் கண்டக்குழிக்காரர், எழுபத்து நாலு வயது, கரைவலைக் கயிறு இழுத்தே தேய்ந்தவர். நெஞ்சுச் சளியென்று வாட்டில் போட்டு மூன்றாம் நாள். முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ரிப்கான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"என்னவும் சாப்பிட்டீங்களா வாப்பா?"

"வாய்க்கு ஒண்டும் புடிக்குதில்ல."

"நாளைக்கு வாறன்."

"வேல இரிக்கா?"

"ஒரு கார் வருது."

"அப்ப முடிச்சிட்டு வா."

அவர்களுக்கிடையில் கதை எப்போதும் அவ்வளவுதான். ஒரே ஒரு தரம் மட்டும், போன நோன்புக்கு முன்னால், கேட்காமலே வாப்பா ஒன்று சொன்னார்: "ஊரெல்லாம் கழுவுறாய். என்ட மையித்தையும் நீதான் கழுவணும். வேற ஆள் வந்து தொட்டா எனக்கு வெக்கம்." ரிப்கான் "ஓம்" என்றிருந்தான்.

இப்போது ஃபஸ்லானின் குரல். "மச்சான், டொக்டர் வந்து பாத்தார். வாப்பாக்குக் கொஞ்சம் கடுமை. நீங்க வாங்க. பதறாம மெதுவா வாங்க." பின்னால் ராத்தா அழுவது கேட்டது.

"சரி மச்சான்."

போனைத் தட்டில் வைத்தான். மெசினைத் திரும்ப எடுத்து, விட்ட இடத்தில் வைத்து ஓட்டினான். டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி?"

"வாப்பா மவுத்தாகிட்டார்."

அவள் எழும்பிவிட்டாள். "ஐயோ, அப்படியா சொன்னாங்க?"

"கடுமை எண்டாங்க. அப்படித்தான் சொல்லுவாங்க, டீச்சர்."

அவளுக்கு அது விளங்கியது. "எங்கட ஆக்களும் அப்படித்தான். என்ட அம்மாக்கும் 'கொஞ்சம் ஏலாது, வந்துட்டுப் போ' எண்டுதான் சொன்னாங்க. வந்து பாத்தா பந்தல் போட்டிருக்கு." பிறகு தயங்கி, "எதுக்கும் எடுத்துக் கேளுங்களன்" என்றாள்.

"அத யாரும் கேக்கமாட்டாங்க."

கேட்கத்தான் மாட்டார்கள். தூரத்தில் இருக்கிறவனுக்கு மவுத்தைப் போனில் சொல்வதில்லை. சொன்னால் பதறிப் புறப்பட்டு வழியில் எங்கேயாவது மோதிக்கொள்வான். பெண்கள் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆண் ஒருவர்தான் போனை எடுப்பார். பதறாமல் வா என்பார். ரிப்கானே அப்படி எத்தனை பிள்ளைகளுக்குப் போன் எடுத்திருக்கிறான்! கொழும்பில் படிக்கிற பிள்ளைக்கு, சவூதியில் இருக்கிற மகனுக்கு. பக்கத்தில் மையித்து கிடக்க, "கொஞ்சம் சுகமில்ல, டிக்கட் போடுங்க" என்று சொல்லியிருக்கிறான். ஆண் குரல், பின்னால் அழுகை, மெதுவாக வா. மூன்றும் இருந்தால் பிறகு விசாரிக்க ஒன்றுமில்லை.

றிப்னாஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். இந்தத் தரம் பகிடியில்லை. "இன்னாலில்லாஹி... விடுடா மெசின. பைக் இரிக்கு, பத்து நிமிசத்தில ஆஸ்பத்திரில விடுறன்."

"அங்க போய் என்ன செய்யிற? வாட்டு வாசல்லதான் நிக்கணும்."

"அதுக்கு?"

"டொக்டர் எழுதணும். மவுத்துத் துண்டு எடுக்கணும். வேன் புடிக்கணும். என்னெண்டாலும் ஒரு மணி, ஒண்டரை ஆகும் வெளிய வர. கண்டக்குழிக்கு இந்த வழியாத்தான் கொண்டு போவாங்க. நான் ரோட்டில ஏறிக்கிறன். அங்கதான் எனக்கு வேல."

றிப்னாஸ் அவன் முகத்தைப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. திரும்பிப் போய் டயர்க்கடை ரேடியோவை நிறுத்தினான்.

ஆக, அந்தக் காரை முடிக்க இருந்த நேரம் சிலாபத்து ஆள் வருகிற நேரமல்ல. அந்த வேன் வருகிற நேரம்.

பொனட் முடிந்தது. கூரைக்கு முக்காலியில் ஏறினான். கச்சான் காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் மெசினை நிறுத்தி, துணியால் மூடி, காற்று ஓயும் வரை நிற்பான். ஒரு மணல் அகப்பட்டால் போதும், வட்டம் வட்டமாகக் கீறிவிடும். அப்படி நிற்கும்போதுகூட அவனுக்கு அழுகை வரவில்லை. வருமா என்று பார்த்ததுபோல் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தான். அடுத்து வலப்பக்கக் கதவுகள். மனத்தில் ஓடியதெல்லாம் சாமான் பட்டியல்தான். மையித்தைச் சுற்றுகிற கபன் துணி ராத்தாவின் அலுமாரியில் இருக்கிறது. இலந்தை இலை பள்ளிக்குப் பின்னால். கற்பூரம் வாங்க வேண்டும். வாப்பாவின் இடது முழங்கை நேராக நீளாது, வலை இழுத்து விழுந்து முறிந்த கை, பார்த்துத் தூக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு மெசினை நிறுத்தியபோது கை நிற்கவில்லை. மெசினைக் கீழே வைத்த பிறகும் விரல்கள் தங்கள் பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தன. போனைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தைந்துக்கும் முப்பத்தாறுக்கும் ராத்தா எடுத்திருக்கிறாள். கபன் துணி எங்கே என்று கேட்கத்தான் எடுத்திருப்பாள். அது அவளுடைய அலுமாரியில்தானே இருக்கிறது, தேடினால் கிடைக்கும். விரல் முழுக்கக் கொம்பவுண்ட். அவன் திருப்பி எடுக்கவில்லை.

நண்பகல் லுஹர் பாங்கு சொன்னதும் கொட்டிலுக்குப் பின்னால் பாயை விரித்துத் தொழுதான். கையேந்தி, மவுத்தானவர்களுக்குக் கேட்கிற துஆவை வாப்பாவின் பெயர் சொல்லிக் கேட்டான். கப்றுக்குழியை விசாலமாக்கி வை, பாவங்களை மன்னித்துவிடு என்று, மற்றவர்களுக்குக் கேட்கிற அதே வேகத்தில், அதே குரலில் கேட்டான். டீச்சர் பாணும் பருப்பும் வாங்கி வைத்திருந்தாள். "ரெண்டு வாய் சாப்பிடுங்க தம்பி" என்றாள். சாப்பிட்டான்.

இடப்பக்கம் மிஞ்சியிருந்தது. இரண்டு தரம் ஓட்ட வேண்டிய இடம், ஒரு தரத்துக்குத்தான் நேரம். முன்கதவை இரண்டு தரம் ஓட்டினான். ஒன்று இருபதுக்கு ஃபஸ்லான் எடுத்தார். இந்தத் தரம் குரல் தாழ்ந்திருந்தது. "மச்சான், எங்க நிக்கிறீங்க? வாப்பாவக் கொண்டு வரப் போறம்."

"கொட்டில்லதான். ரோட்டுக்கு வாறன். நிப்பாட்டுங்க."

அந்தப் பக்கம் ஃபஸ்லான் அதை ராத்தாவிடம் திருப்பிச் சொன்னார். பிறகு, "சரி" என்றார்.

தான் போட்ட கணக்குக்கு ஆஸ்பத்திரிக்காரர் கொஞ்சம் சுணங்கிவிட்டார்கள் என்று ரிப்கான் நினைத்தான். அதுவும் நல்லதுக்குத்தான், பின்கதவுக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது. பீப்பாயின் அடியில் கிடந்த மழைத்தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வாளியில் சேர்த்து, நாலாம், ஐந்தாம் தண்ணீராக மேலிருந்து ஊற்றினான். துடைத்தான். கையைப் பைக்குள் விட்டு வலப்பக்க முன்கதவிலிருந்து இழுத்துப் பார்த்தான். விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. வழுவழுப்பும் தெரியவில்லை, உறுத்தலும் தெரியவில்லை. மெசின் பிடித்த கை, அப்படித்தான் இருக்கும்.

"டீச்சர், இடப்பக்கப் பின்கதவு ரெண்டாந்தரம் ஓடல்ல. அந்தப் பக்கத்த சுவரோட அணைச்சு நிப்பாட்டுறன். அவர் இஞ்சால இருந்து பாக்கட்டும்."

"ஐயோ, அது கிடக்கட்டும் தம்பி. நீங்க போங்க."

இரண்டு இருபத்தைந்துக்கு வெள்ளை வேன் வந்து வீதியோரம் நின்றது. முகம் கழுவாமல், கொம்பவுண்ட் தெறித்த சேட்டோடு ஏறினான். வாப்பாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். கால்மாட்டில் ராத்தா நஃபீஸா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பினாள். ஃபஸ்லான், "நீங்க வருவீங்க வருவீங்க எண்டுதான்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். மவுத்து வீட்டில் யாரும் எதையும் முடித்துச் சொல்வதில்லை. ரிப்கான் தலையை ஆட்டினான். கண்டக்குழி வரை ஒரு மணித்தியாலம், வேனின் தகரம் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் பின்னால் சேலைகளைச் சுற்றிக் கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். உள்ளே ரிப்கான், ஃபஸ்லான், வாப்பாவோடு வலை இழுத்த மஸாஹிர் காக்கா. தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணி போர்த்தி, கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தி வைத்தார்கள். ரிப்கான் வலது கையில் துணியைச் சுற்றினான். மணிக்கட்டில் ஒரு சுற்று, இறுக்கம். வலப்பக்கத்திலிருந்து தொடங்கினான்.

தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று மஸாஹிர் காக்கா கேட்டார். கையை விட்டுப் பார்த்தான். தெரியவில்லை. "நீங்க ஒருக்காப் பாருங்க காக்கா" என்றான். அவர் பார்த்து, பதம் என்றார்.

வாப்பாவின் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு ஓடும், கயிறு அறுத்தது. சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அவனுடைய பெருவிரல் எப்போதும் அதன் மேல்தான் கிடக்கும். இப்போது துணி சுற்றிய கையை அதன் மேல் வைத்து இழுத்தான். தழும்பு கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. இன்னொரு தரம் இழுத்தான்.

இடப்பக்கம் திருப்பும்போது மஸாஹிர் காக்கா முழங்கையை மடக்கிப் பிடித்தார். "பாத்தியா மகன், கை கால் என்ன இளக்கம்! விறைக்கவேயில்ல. நல்ல மனிசன்ட மையித்து இப்படித்தான்."

ரிப்கானும் கண்டான். காலையில் மவுத்தானவர்களுக்கு இந்த நேரத்தில் தாடையும் கையும் இறுகிப்போயிருக்கும், எண்ணெய் தேய்த்து நீவினால்தான் இளகும். வாப்பாவின் கை, தூங்குகிற மனிதனுடையதைப் போல மடங்கியது. நேராக நீளாத அந்த இடது கைகூட, முன்பு நீண்ட அளவுக்கு நீண்டது. "ஓம் காக்கா" என்றான். மூன்றாம் தண்ணீரில் கற்பூரத்தைக் கரைத்து ஊற்றினான். வேறு ஆள் எவரும் வாப்பாவின் தேகத்தைத் தேய்க்கவில்லை. கொடுத்த சொல் அதுதான், அது நிறைவேறியது.

ஐந்தரைக்கு அடக்கினார்கள்.

மறுநாள் கையில் உணர்வு திரும்பியது. வெள்ளிக்கிழமை கொட்டிலைத் திறந்தான். சிலாபத்து ஆள் காரைச் சுற்றிவரக்கூட இல்லையாம். எஞ்சினை முடுக்கிச் சத்தத்தைக் கேட்டு, "ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சிக் கூரையில் ஒரு தட்டுத் தட்டி, எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். றிப்னாஸ் சொன்னான். டீச்சர் அவனுக்கென்று கொடுத்துவிட்டுப் போன கேக் பெட்டியையும் கொடுத்தான். அதன்பிறகு றிப்னாஸ் சவுக்காரப் பகிடியைச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் மறந்துபோய்ச் சொன்னான். ரிப்கான் வழமையான பதிலைச் சொன்னான்.

நாற்பதாம் நாள் நெருங்கும்போது, மரணச் சான்றிதழ்ப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. ஃபஸ்லான் கடலுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் தந்த துண்டை ராத்தா அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரிப்கான் வாசற்படியில் நின்று அதைப் படித்தான். பெயர், வயது, வாட்டு இலக்கம். நேரம் என்ற இடத்தில் பி.ப. 1.10 என்று எழுதியிருந்தது.

"இது பிழை, ராத்தா. பத்து மணிக்கு முந்தி எண்டு வரணும். காட்டித் திருத்தணும்."

நஃபீஸா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"பத்து மணிக்கா? பத்து மணிக்கு டொக்டர் சொல்லிப் பயந்துதான் உன்ன வரச் சொன்னம். பொறகு வாப்பா தெளிஞ்சுட்டார். பதினொண்டரைக்கு எழும்பி இருந்து, தேத்தண்ணில நனைச்சு நனைச்சு அரப் பணிஸ் சாப்பிட்டார். அதச் சொல்லத்தான் உனக்கு ரெண்டு தரம் எடுத்தன்."